ஆடி முடியும் வரை விமானத்தைப் பரணில் ஏற்றிவிட வேண்டியதுதானா?

புதுச்சிறகு (நீடாமங்கலம்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாசியில்தான் என் முதல் ஆர்.சி. விமானத்தை (ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம்) வாங்கினேன். இறக்கை மேலே இருக்கும் ஃபோம் ட்ரெய்னர், அதாவது கற்றுக்கொள்பவர்களுக்கான விமானம். இறக்கை நீளம் 1.2 மீட்டர், பேட்டரியோடு சேர்த்து 900 கிராம் சொச்சம், 3 செல் 2200 எம்.ஏ.எச். பேட்டரி. பங்குனியிலும் சித்திரையிலும் உளுந்து பறித்து முடிந்த எங்கள் வயலில் தினமும் சாயங்காலம் பறக்கவிட்டேன். தரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கே இறக்கினாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரைக் கடைசியில் வட்டம் அடிக்கவும், நினைத்த இடத்தில் இறக்கவும் கை பழகிவிட்டது.

ஆனி பிறந்ததும் எல்லாம் போனது. வயலில் குறுவை நட்டுவிட்டார்கள். இப்போது எனக்கு இருப்பது ஊர் மேற்கே உள்ள கோயில் திடல் மட்டும். அதைச் சுற்றி மூன்று பக்கமும் நடவு வயல், மேற்குப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மேலக்காற்று விடாமல் அடிக்கிறது.

போன ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு எடுத்தேன். காற்றுக்கு எதிரே போகும்போது விமானம் நகரவே இல்லாதது போல் நின்றது. திருப்பினேன், அம்பு மாதிரி பாய்ந்தது. இவ்வளவு வேகம் வேண்டாமே என்று த்ராட்டிலைக் குறைத்தேன். உடனே மூக்கு சரிந்து, இடப்பக்கமாகச் சுழன்று, பக்கத்து வயலில் நாற்றுக்கு நடுவே விழுந்தது. மோட்டார் பிடிமானம் உடைந்தது. எடுக்கப் போனதில் பத்துப் பதினைந்து குத்து நாற்று மிதிபட்டது. வயல்காரரிடம் சொல்லி, அவர் முன்னாலேயே திரும்ப ஊன்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேட்க நினைப்பது இரண்டு. விழுந்தது காற்றாலா, என்னாலா? ஆடி முழுக்க இப்படித்தான் என்றால் புரட்டாசி வரை விமானத்தைப் பரணில் ஏற்றிவிட வேண்டியதுதானா? மூன்று மாதம் தொடாமல் இருந்தால் கற்றது மறந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

நாகைக்கரை

நான் கடலோரம், அதனால் என் அனுபவம் உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் இங்கே காற்று ஒரே நாளில் இரண்டு பக்கமிருந்து அடிக்கும். காலையிலிருந்து மேலக்காற்று. மதியம் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் கடல்காற்று கிளம்பிக் கிழக்கேயிருந்து வரும். இரண்டும் முட்டிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடம் காற்றே இல்லாதது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் நான் ஏமாந்தேன். அப்பாடா, அடங்கிவிட்டது என்று மேற்கே பார்த்து ஏற்றினேன். இறக்க வரும்போது முதுகில் கொண்டல், அதாவது அந்தக் கிழக்குக் காற்று, அடித்துக்கொண்டிருந்தது. திடல் முழுவதையும் தாண்டிச் சவுக்குத் தோப்பில் போய்ச் சொருகியது.

உங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே இருக்கிறது. கடல்காற்று அங்கே வந்தால் சாயங்காலம்தான் வரும், சில நாள் வராமலே போகும். அதனால் திடீரென்று காற்று நின்றால் சந்தோஷப்படாமல் கிழக்கே ஒருமுறை பாருங்கள். ஒரு சவுக்குக் குச்சியில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டி ஊன்றி வையுங்கள். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகு இறக்கினால் போதும்.

இந்த இரண்டு காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் சாயங்காலம் மேகம் எழும்பி இடி மழை வருகிறது. ஆடி, ஆவணியில் மூன்று மணிக்கு மேல் நான் வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் படத்தைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

காயில்கட்டு (மன்னார்குடி)

தம்பி, முதலில் அந்த விழுந்த கதையைப் பேசிவிடலாம்.

த்ராட்டிலைக் குறைத்ததால்தான் விழுந்தது. காற்றில் ஓட்டக் கற்கிற எல்லோரும் செய்கிற காரியம் இது. கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஏன் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் கை தானாகவே குறைக்காது.

வெண்ணாற்றில் தண்ணீர் நிறைய ஓடும்போது நீந்தியிருப்பீர்கள். எதிர்நீச்சல் போடும்போது கரையில் இருக்கிற நாணல் நகரவே நகராது. திரும்பி நீரோட்டத்தோடு நீந்தினால் கரை ஓடும். இரண்டு தடவையும் கை வீச்சு ஒன்றுதான், தண்ணீர் உங்கள் மேல் படுகிற வேகமும் ஒன்றுதான். கரை ஓடுகிறதே என்று கையை நிறுத்தினால் என்ன ஆகும்? முழுகிவிடுவோம். உங்கள் விமானத்துக்கும் அதுதான் நடந்தது. அதற்குத் தரை தெரியாது, தன்னைச் சுற்றியுள்ள காற்று மட்டும்தான் தெரியும்.

கணக்காகவே போட்டுப் பாருங்கள். உங்கள் ட்ரெய்னர் காற்றில் மணிக்கு 45 கிலோமீட்டர் போகிறது என்று வைப்போம். மேலக்காற்று 25. எதிரே போனால் தரைக்கு மேல் 20, முதுகில் வாங்கினால் 70. இறக்கைக்கு இரண்டு திசையிலும் அதே 45தான். அந்த 70ஐப் பார்த்துப் பயந்து பாதியாக்கினால் இறக்கைக்கு 20, 25கூடக் கிடைக்காது. இந்த அளவு விமானம் 28, 30க்குக் கீழே போனால் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடும். அதுவும் சாய்ந்து திரும்பும்போது இன்னும் சீக்கிரமே ஆகும்.

அதனால் காற்றோடு போகும்போது தரையைப் பார்க்காதீர்கள். மூக்கு எந்த மட்டத்தில் இருக்கிறது, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) தொட்டால் உடனே கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். மோட்டார் சத்தத்தை அப்படியே வையுங்கள். இன்னொன்று, விமானம் எப்போதும் உங்களுக்குக் காற்று வரும் பக்கமே இருக்கட்டும். மேலக்காற்று என்றால் உங்களுக்கு மேற்கே. கிழக்கே தள்ளிப்போன விமானத்தை 25 கிலோமீட்டர் காற்றுக்கு எதிரே கூட்டி வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். 2014இல் எனக்கு அப்படி ஒன்று போனது. இரண்டு ஊர் தள்ளி ஒரு வைக்கோல் போரில் கிடந்ததை மூன்றாம் நாள் ஒரு மாடு மேய்க்கும் பையன் கொண்டுவந்து கொடுத்தான்.

சரி, இரண்டாவது கேள்வி. பரணில் ஏற்ற வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துப் பறக்கவிடுங்கள்.

நான் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். குறுவை சமயத்தில் பகலில் ஒரு நிமிடம்கூட ஓய்வு இருக்காது. அதனாலேயே விடியற்காலையில் பறக்கவிட ஆரம்பித்தேன். 2013இலிருந்து ஒவ்வொரு பறப்பையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தேதி, மணி, எந்தப் பக்கக் காற்று, வேப்பமரம் எப்படி ஆடியது என்று நாலு வார்த்தை. அதைப் புரட்டினால் ஆடி மாதப் பக்கங்களில் பெரும்பாலும் 5.50, 6.00, 6.15 என்றுதான் இருக்கும். ஏழரைக்கு மேல் எழுதியதில் பாதிக்குப் பக்கத்தில் ‘ரிப்பேர்’ என்று இருக்கிறது.

ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி அப்படியே படிந்துவிடுகிறது. மேலே மேலக்காற்று ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் இந்தக் குளிர்ந்த அடுக்குக்குள் இறங்க முடியாது. வெயில் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்று கிளம்பி மேலே போகும், மேல்காற்று கீழே வரும். எட்டு, ஒன்பது மணிக்குள் கலந்துவிடும். ஆடியில் ஆறு மணிக்குச் சூரியன் வருகிறது. அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் உங்களுடையது. சில நாள் அதுவும் கிடைக்காது, ராத்திரியெல்லாம் ஊதிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்தக் குளிர்ந்த அடுக்கு உயரமாகவும் இருக்காது. தென்னை உயரத்துக்கு இரண்டு மடங்கு போனதும் விமானம் ஒரு உதறு உதறும். மேலக்காற்று அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இறங்கிவிடுங்கள்.

காற்று அளக்கக் கருவி தேவையில்லை. இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 12இலிருந்து 19 கிலோமீட்டர். உங்கள் விமானத்துக்கு இப்போதைக்கு எல்லை அதுதான். சிறு கிளைகள் ஆடி, தூசியும் காகிதமும் எழும்பினால் 20ஐத் தாண்டிவிட்டது. காற்று வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும்.

உங்கள் திடலுக்கு மேற்கே தென்னந்தோப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். தோப்பு காற்றை மறைக்கும் என்று தோன்றும். மறைக்கத்தான் செய்கிறது, ஆனால் தோப்பைத் தாண்டி வருகிற காற்று சுருண்டு புரண்டுகொண்டு வருகிறது. மர உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்கு அந்தப் புரளல் இருக்கும். 15 மீட்டர் மரம் என்றால் 150 மீட்டர். உங்கள் திடல் முழுக்க அதற்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் வருத்தமானது. எங்கள் வயலுக்கு மேற்கே எங்கள் சித்தப்பாவின் தோப்பு இருந்தது. நாற்பது மரம். ஆடியில் அந்த வயலில் எப்போது இறக்கினாலும் கடைசி மூன்று மீட்டரில் விமானம் ஒருபக்கமாகக் கவிழப் பார்க்கும். என் கைதான் சரியில்லை என்று வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தோப்பில் ஒன்பது மரம்தான் நின்றது. சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. அந்த வருடம் விமானத்தை நான் தொடவில்லை. அடுத்த ஆனியில் எடுத்தபோது அதே வயலில், அதே மேலக்காற்றில், விமானம் கோடு போட்டது போல வந்து இறங்கியது. சந்தோஷப்பட முடியவில்லை. சித்தப்பா மறுபடி கன்று வைத்தார். அந்த மரங்கள் வளர வளர நான் வருடத்துக்குக் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்து நின்று இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். திடலின் கிழக்கு ஓரம் தோப்பிலிருந்து எத்தனை மீட்டர் என்று நடந்து அளங்கள். இடம் போதாது என்றால் வாய்க்கால் கரையிலோ, நடாத மேட்டுத் திடலிலோ வேறு இடம் தேடுங்கள். கொள்ளிடத்து மணல் நல்ல இடம்தான், ஆனால் தண்ணீர் திறந்துவிட்ட பருவத்தில் அங்கே போகவே வேண்டாம். சித்திரையில் போங்கள்.

நம் ஊரில் பறக்கவிடுகிற நாளை மேட்டூர்தான் தீர்மானிக்கிறது. வழக்கமாக ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். மூன்று நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டது. விவசாயிக்கு நல்ல வருடம். கத்திரி வெயிலிலேயே உழவு ஆரம்பித்துவிட்டதால் எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இடம் குறைந்தது. தையில் சம்பா அறுத்துவிட்டார்கள், வயல் காலி என்று நினைத்தும் இறங்கிவிடக் கூடாது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே பயிருக்குள் உளுந்து தெளித்திருப்பார்கள். தூரத்திலிருந்து தாள் மட்டும்தான் தெரியும். குனிந்து பார்த்தால் ஈரிலை விட்டிருக்கும். நீங்கள் நாற்றைத் திரும்ப ஊன்றிக் கொடுத்ததைப் படித்ததும் மனது நிறைந்தது. அந்த வயல்காரர் இனி உங்கள் விமானத்தைப் பார்த்தால் கையசைப்பார்.

உங்கள் ட்ரெய்னர் எடைக்குப் பெரிய இறக்கை கொண்டது, காற்றில் பஞ்சு மாதிரி ஆடும். மோட்டார் பிடிமானத்தைச் சரிசெய்யும்போது சமநிலைப் புள்ளி 5 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் வருகிற மாதிரி பேட்டரியைத் தள்ளுங்கள். அந்தப் புள்ளிக்கு நேர் கீழே 70, 80 கிராம் ஈயம் வைத்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இறங்கும் வேகம் கொஞ்சம் கூடும், அதற்கு ஏற்ற மாதிரி வாருங்கள். தரை நெருங்க நெருங்க எதிர்க்காற்று குறையும், விமானம் திடீரென்று தொய்யும். தரைக்கு ஒரு முழம் இருக்கும் வரை த்ராட்டிலை விடாதீர்கள்.

புதுச்சிறகு (நீடாமங்கலம்)

அண்ணே, ரொம்ப நன்றி. ஆற்று உதாரணத்தைப் படித்ததும் அந்த நிமிடம் அப்படியே கண்முன் வந்தது. நாளைக்கே திடலை அளக்கிறேன். இன்னும் இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வீர்கள்? அப்புறம் சித்திரைக் கடைசியில் என் விமானம் ஏனோ சோம்பலாக ஏறியது, பேட்டரியும் லேசாக உப்பியிருக்கிறது. அதற்கு வெயில்தான் காரணமா?

காயில்கட்டு (மன்னார்குடி)

உப்பிய பேட்டரியை இனி போடாதீர்கள். சார்ஜும் செய்யாதீர்கள். உப்பு கரைத்த தண்ணீர் வாளியில் வெளியே ஒதுக்குப்புறமாக ஊறவைத்து, சக்தி முழுக்கப் போன பிறகு அப்புறப்படுத்துங்கள்.

வெயில்தான். கத்திரி நேரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று லேசாகிவிடுகிறது. 25 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் அடர்த்தியில் நூற்றுக்கு ஐந்து குறையும். இறக்கை தூக்குவதும் குறைகிறது, ப்ரொப்பெல்லர் இழுப்பதும் குறைகிறது. அதனால்தான் சோம்பல். பைக் பெட்டியில் வைத்த பேட்டரி அந்த வெயிலில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் ஈரத்துணி சுற்றிய பானைக்குப் பக்கத்தில், நிழலில் வைப்பேன். ஹாட் க்ளூ ஒட்டியிருந்த இடமெல்லாம் இளகி, தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ ஒன்று கழன்று தொங்கியதும் எனக்கு நடந்திருக்கிறது. பரண் என்று எழுதியிருந்தீர்களே, ஓட்டுக்குக் கீழே இருக்கிற பரணில் விமானத்தை வேண்டுமானால் ஏற்றலாம், பேட்டரியை ஏற்றவே கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

அந்த வெயிலில் ஒரு நல்லதும் இருக்கிறது. பதினோரு மணிக்குக் காய்ந்த வயலுக்கு மேலே பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தால் அங்கே சூடான காற்று எழும்புகிறது. அதே இடத்துக்கு விமானத்தைக் கொண்டுபோய் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். எட்டு நிமிட பேட்டரியில் நான் இருபத்தாறு நிமிடம் நின்றிருக்கிறேன். பருந்து விரட்டினால் இறக்கிவிடுங்கள், வானம் அதனுடையது.

ஐப்பசி, கார்த்திகையில் நான் அதிகம் பறக்கவிடுவதில்லை. எல்லா இடமும் சம்பாப் பயிர், விழுந்தால் எடுக்கப் போவதே பாவம். இரண்டு மழைக்கு நடுவே வானம் வெளுத்த காலையில் பத்து நிமிடம் கிடைத்தால் உண்டு. வாடைக்காற்று மேலக்காற்றைப் போல முரட்டுத்தனமாக இருக்காது. இடிச் சத்தம் காதில் விழுந்தால், மழை எங்கே இருந்தாலும் உடனே இறக்குங்கள். வெட்டவெளியில் உயரமாக நிற்பது நாம்தான். மழைக்கு முன்னால் வருகிற அந்தக் குளிர்ந்த வீச்சு அரை நிமிடத்தில் விமானத்தைக் கொண்டுபோய்விடும். மார்கழிப் பனியில் எட்டரை மணி வரை காத்திருங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. வடுவூர் ஏரிப் பக்கம் யாரும் எடுத்துப் போகாதீர்கள். ஐப்பசியிலிருந்து மாசி வரை அங்கே வெளியூர்ப் பறவைகள் ஆயிரக்கணக்கில் தங்கியிருக்கும். தஞ்சாவூரை ஒட்டி இருப்பவர்கள் எங்கே பறக்கவிடக் கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் மேலே ஏற்ற வேண்டாம். அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியிலிருந்து சுகோய் படைப்பிரிவும் இருக்கிறது.

புதுச்சிறகு (நீடாமங்கலம்)

அளந்துவிட்டேன். தோப்பிலிருந்து திடலின் கிழக்கு ஓரம் 110 மீட்டர்தான். பக்கத்து ஊர் வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு தரிசுத் திடல் இருக்கிறது, மேற்கே மரமே இல்லை. உரியவரிடம் கேட்டேன், காலை ஏழரை மணிக்குள் மாடு கட்ட வருவோம், அதற்குள் முடித்துக்கொள் என்றார்.

இன்று 6.05க்குப் புதுப் பேட்டரியோடு எடுத்தேன். வேட்டிக் கிழிசல் அசையவில்லை. நாலு வட்டம் அடித்த பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் உயரம் ஏற்றினேன். நீங்கள் சொன்ன உதறல் வந்தது. அங்கேயே காற்றோடு ஒருமுறை திருப்பி, த்ராட்டிலைத் தொடாமல் விட்டேன். பாய்ந்து போனது, விழவில்லை. ஏழு நிமிடம். நோட்டு வாங்கிவிட்டேன், முதல் வரி எழுதியாகிவிட்டது.